வார்டில் வேலை, வீட்டில் படிப்பு: மனநல நர்சிங் மேற்படிப்பைத் தொலைநிலையில் படிக்கலாமா?

அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாள். காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த நோயாளி, ராத்திரி ஒரு மணிக்குப் படுக்கை விரிப்பைக் கிள்ளிக் கிள்ளிப் போடுகிறார். "பூச்சி ஊருது சிஸ்டர், பாருங்க" என்கிறார். கை நடுங்குகிறது, உடம்பெல்லாம் வியர்வை, நாடி எகிறியிருக்கிறது. டூட்டியில் இருக்கும் நர்ஸ் பத்து வருட அனுபவசாலி. தையல் பிரிந்தால் என்ன செய்வது, ரத்த அழுத்தம் சரிந்தால் என்ன செய்வது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இங்கே மட்டும் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். பக்கத்துப் படுக்கையில் இருப்பவர் "இவருக்குப் புத்தி கலங்கிடுச்சு, மனநல வார்டுக்கு அனுப்பிடுங்க" என்கிறார்.

தினமும் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று குடி நின்றால் வரும் டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம் அது. கடைசியாகக் குடித்து 48 முதல் 96 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. நேரத்தோடு கண்டுபிடித்து அமைதிப்படுத்தும் பென்சோடயசெபின் மருந்தும் தயமின் என்ற வைட்டமினும் கொடுத்துப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்கள் சில நாளில் தெளிந்துவிடுவார்கள். அட்மிஷன் போடும்போதே "எவ்வளவு குடிப்பீங்க, கடைசியா எப்போ குடிச்சீங்க" என்று, குற்றம் சாட்டுகிற தொனி இல்லாமல் கேட்டிருந்தால் மூன்றாம் நாள் ராத்திரி வரை போயிருக்காது.

மனநல நர்சிங்கில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்ற எண்ணம் பல நர்ஸ்களுக்கு இப்படி ஒரு ராத்திரியில்தான் வருகிறது. எனக்கும் அப்படித்தான். அடிப்படை நர்சிங் படிப்பில் மனநலம் என்பது ஒரு தாளும் சில வார போஸ்டிங்கும்தான். அதற்குப் பிறகு எந்த வார்டில் வேலை பார்த்தாலும் மனநோய் கண்ணில் படாமல் இருப்பதில்லை. பிரசவ வார்டில் குழந்தையைத் திரும்பிப் பார்க்காத தாய், டயாலிசிஸை நிறுத்திவிடுங்கள் என்று கேட்கிற முதியவர், தூக்க மாத்திரையை மொத்தமாக விழுங்கி அவசரப் பிரிவுக்கு வரும் பதினேழு வயதுப் பெண் என்று எங்கேயும் இருக்கிறது.

படிக்க ஆசை வரும் வயதில் வேலையை விட முடியாது. சம்பளம் வேண்டும், வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கண் தொலைநிலைக் கல்விப் பக்கம் போகிறது. மனிதரோடு முகம் பார்த்துப் பேசுவதே தொழிலாக இருக்கும் ஒரு துறையைத் திரை வழியாகப் படிக்க முடியுமா என்ற சந்தேகம் நியாயமானது. முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் வேலை செய்யும் இடத்தில், நீங்கள் நோயாளியோடு பேசுவதைப் பார்த்தும் கேட்டும் திருத்த ஒரு மனிதர் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும் கையில் மிஞ்சுவது சான்றிதழ் மட்டும்.

இந்தத் துறை எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் பார்த்தால் இந்த நிபந்தனை ஏன் என்று புரியும். அமெரிக்காவில் மெக்லீன் மருத்துவமனையில் 1882இல் மனநோயாளிகளைப் பராமரிக்க நர்ஸ்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. 1920இல் நர்ஸ் ஹாரியட் பெய்லி எழுதிய, இந்தத் துறைக்கான ஆரம்ப காலப் பாடநூல் ஒன்று வந்தது. அந்தக் காலத்தில் நர்ஸின் வேலை குளிப்பாட்டுவது, உணவு ஊட்டுவது, ஓடிவிடாமல் காவல் இருப்பது. இதைத் தலைகீழாக மாற்றியவர் அமெரிக்க நர்ஸ் ஹில்டகார்ட் பெப்லாவ். நர்ஸுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சை என்று அவர் வாதிட்டார். அதைச் சொல்லும் புத்தகத்தை 1948இலேயே எழுதி முடித்துவிட்டார். மருத்துவர் ஒருவரின் பெயர் இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாக இப்படிப்பட்ட புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தில் அது வெளிவர 1952 ஆகிவிட்டது. பிறகு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநல நர்சிங் நிபுணர்களை உருவாக்கும் முதுநிலைப் படிப்பை அவரே அமைத்தார். இன்று நாம் மேற்படிப்பு என்று சொல்வது அந்த வழியில் வந்ததுதான்.

அதே 1952இல்தான் பாரிஸில் குளோர்புரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்தார்கள். மனநல நர்ஸ் இன்றும் கற்க வேண்டிய இரண்டு பெரிய விஷயங்கள், பேச்சும் மருந்தும், ஒரே வருடத்தில் வாசல் திறந்தன. மருந்தைப் புத்தகத்தில் படித்துவிடலாம். பேச்சைத்தான் அப்படிப் படிக்க முடியாது.

பேச்சைச் சொல்லித்தர பெப்லாவ் காலத்தில் இருந்தே ஒரு கருவி இருக்கிறது. ஆங்கிலப் பெயரிலேயே புராசஸ் ரெக்கார்டிங் என்று சொல்கிறோம். நோயாளியோடு பேசி முடித்ததும், நினைவு சூடாக இருக்கும்போதே, பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். தாளை நான்கு பத்தியாகப் பிரிப்பார்கள். நோயாளி சொன்னது, நர்ஸ் சொன்னது, அந்த நேரத்தில் நர்ஸின் மனதில் ஓடியது, பிறகு யோசித்துப் பார்த்தால் தெரிவது. நான் எழுதிய ஆரம்ப காலப் பதிவு ஒன்று, அடையாளங்களை மாற்றி:

நோயாளி, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு: "வீட்டுக்குப் போனா மட்டும் என்ன ஆகிடப் போகுது."

நான்: "அப்படியெல்லாம் பேசாதீங்க. உங்க பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க இல்ல?"

மூன்றாம் பத்தியில் எழுதியது: பயமாக இருந்தது. பேச்சை வேறு பக்கம் திருப்ப வேண்டும் என்று தோன்றியது.

நான்காம் பத்தியில் "நோயாளிக்கு ஆறுதல் கொடுத்தேன்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். திரும்பி வந்த தாளில் ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "ஆறுதல் அந்த நேரத்தில் யாருக்குத் தேவைப்பட்டது?"

அந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா ஒரு கதவைத் திறந்தார், நான் அதை மூடிவிட்டேன். பிள்ளைகளைச் சொல்லி, ஏற்கெனவே குற்ற உணர்வில் இருந்தவர் மேல் இன்னொரு பாரத்தையும் ஏற்றினேன். "போனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டிருக்கலாம். பதிலைப் பார்த்துக்கொண்டு "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேட்டிருக்கலாம். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பல நர்ஸ்கள் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு ஆதாரம் காட்டவில்லை; கேட்டதும் பலருக்கு மனம் லேசாகிறது. மறுநாள் அதே வார்டு, அதே அம்மா, அதே டூட்டி. போய் உட்கார்ந்து கேட்டேன்.

தொலைநிலைப் படிப்பின் பலம் இங்கேதான் இருக்கிறது. முழுநேர மாணவிக்கு போஸ்டிங் முடிந்ததும் அந்த நோயாளி போய்விடுவார். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு, ராத்திரி படித்ததை மறுநாள் காலையில் செய்து பார்க்க ஒரு வார்டே காத்திருக்கிறது. ஆசிரியரின் குறிப்பும் எழுத்தில் வருகிறது. வகுப்பில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுதி வந்ததை ஆறு மாதம் கழித்தும் எடுத்துப் படிக்கலாம்.

தொலைநிலைக் கல்வி புதிதாக முளைத்ததும் இல்லை. தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யூனிசா 1946இலேயே அஞ்சல் வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கிவிட்டது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது. அன்று தபாலில் வந்த பாடப் பொதி இன்று இணையத்தில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். படிப்பு பல இடங்களில் படிப்படியாக ஏறும்: முதலில் முதுநிலைச் சான்றிதழ், அப்புறம் டிப்ளமா, அப்புறம் முதுகலை. பிரிட்டனில் இதை 60, 120, 180 கிரெடிட் என்று கணக்கிடுவார்கள். இடையில் நிறுத்த வேண்டி வந்தாலும் அதுவரை படித்ததற்கு ஒரு சான்றிதழ் கையில் கிடைக்கும் என்பது, வீட்டுப் பாரத்தோடு படிப்பவருக்குப் பெரிய நிம்மதி. ஒரு பாடத்துக்கு வாரம் பத்து மணி நேரமாவது ஒதுக்க வேண்டியிருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு பாடம் எடுத்தால், ஷிப்ட் வேலையோடு, அது இரண்டாவது வேலை மாதிரிதான்.

பாடத்திட்டம் இடத்துக்கு இடம் மாறினாலும் உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: மனநோய்களின் இயல்பு, மனநிலைப் பரிசோதனை, மருந்தியல், ஆபத்தை மதிப்பிடுவது, பேச்சு சிகிச்சைகளின் அடிப்படை, சட்டமும் நெறியும், ஆய்வு முறை. இதில் மருந்தியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெயரும் அளவும் மனப்பாடம் செய்தால் போதும் என்று நினைத்துத்தான் பலர் உள்ளே வருகிறார்கள்.

ஒரு இளைஞருக்கு மனப்பிளவு நோய்க்கு (ஸ்கிசோஃப்ரினியா) மருந்து ஆரம்பித்து நான்கு நாள் ஆகிறது. வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறார். உட்காரச் சொன்னால் உட்கார்ந்து, ஒரு நிமிடத்தில் எழுந்துவிடுகிறார். நின்றால் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்கிறார். கேஸ் ஷீட்டில் "நோயாளி கிளர்ச்சியாக இருக்கிறார்" என்று எழுதியாகிவிட்டது. நோய் அதிகமாகிவிட்டது என்று மருந்தளவைக் கூட்டுகிறார்கள். இன்னும் வேகமாக நடக்கிறார். இது அகதீசியாவாக இருக்கலாம். அதாவது மருந்தே உண்டாக்கும், உள்ளே இருந்து பிடுங்குகிற அமைதியின்மை. "மனசு தவிக்குதா, இல்ல காலை அசைக்காம இருக்க முடியலையா?" என்று யாராவது கேட்டால் அவரே சொல்லிவிடுவார். 24 மணி நேரமும் பக்கத்தில் இருப்பது நர்ஸ்தான் என்பதால் கண்டுபிடிக்க வேண்டியவரும் நர்ஸ்தான். இதற்கென்று பார்ன்ஸ் அளவுகோல் 1989இல் இருந்தே இருக்கிறது. நடத்திப் பார்க்கச் சில நிமிடம் போதும். எழுதும் சொல்லை மாற்றினால் சிகிச்சையே மாறும். "கிளர்ச்சி" என்று எழுதினால் டோஸ் கூடும். "உட்கார முடியவில்லை, கால்களில் தவிப்பு என்கிறார், மருந்து ஆரம்பித்து 4ஆம் நாள்" என்று எழுதினால் மருத்துவர் நின்று யோசிப்பார்.

பொது வார்டில் பழகிய நர்ஸுக்கு இந்தப் படிப்பில் ஒரு கூடுதல் வலு உண்டு. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி இதயநோய், சர்க்கரை மாதிரித் தடுக்கக்கூடிய உடல்நோய்களால். மனநிலை ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவரின் ரத்தத்தில் மருந்தளவு பொதுவாக லிட்டருக்கு 0.6க்கும் 1.0 மில்லிமோலுக்கும் இடையே இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் நஞ்சு. வயிற்றுப்போக்கில் நீர் வற்றினாலும், மூட்டு வலிக்கு இபுபுரோஃபென் போட்டாலும் அளவு ஏறிவிடும். மனப்பிளவு நோய்க்கான குளோசபின் மருந்தை ஆரம்பித்தவருக்கு பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணுக்களை எண்ணிப் பார்க்கிறார்கள். காய்ச்சல், தொண்டை வலி என்று அவர் சொன்னால் சாதாரணமாக விடக் கூடாது. மருத்துவ வார்டில் பத்து வருடம் இருந்தவரின் கண்ணும் கையும் இங்கே வீணாகாது.

சரி, நிபந்தனைக்கு வருவோம். நோயாளிப் பணியை எந்த ஒழுங்கான படிப்பும் திரையில் முடித்துவிடுவதில்லை. அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் உயர்நிலை நர்ஸ், ஆவதற்கான சான்றிதழ்த் தேர்வு எழுத, மேற்பார்வையோடு குறைந்தது 500 மணி நேரம் நோயாளிகளோடு வேலை செய்திருக்க வேண்டும். 2022இல் வந்த அங்குள்ள தேசியக் கல்வித் தரங்கள் 750 மணி நேரம் கேட்கின்றன. பாடம் முழுவதும் இணையத்தில் நடந்தாலும் இந்த மணிக்கணக்கில் சலுகை இல்லை. மற்ற நாடுகளிலும் எண்ணிக்கை மாறலாம், தேவை மாறாது. அந்த மணி நேரத்தை எங்கே செய்வது, யார் கையெழுத்துப் போடுவது என்பதை மாணவியே தேடிக்கொள்ள வேண்டும் என்று பல படிப்புகள் விட்டுவிடுகின்றன. நான் படித்தபோது அப்படித்தான். எனக்கு ஒதுக்கப்பட்ட மேற்பார்வையாளர் ஒரு பருவம் முழுவதும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், ஒரு தடவைகூட நான் நோயாளியோடு பேசுவதை வந்து பார்க்கவில்லை. மணிக்கணக்கு சரியாக இருந்தது. நான் எதுவும் கற்கவில்லை. அடுத்த பருவத்தில் வந்த மூத்த நர்ஸ் வாரம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தார், பாதி நேரம் ஒன்றும் பேசாமல். "நீ அவரைப் பேச விடவே மாட்டேங்கிறியேம்மா" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம், அதற்கு முந்தைய பருவத்துப் பாடம் மொத்தத்துக்கும் சமம்.

இணையத்தில் ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாக நடக்கும் பயிற்சிகளும் உண்டு. காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, திட்டுகிற, மிரட்டுகிற, கிசுகிசுக்கிற குரல்களை ஓட விடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டே ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும், ஒருவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மனப்பிளவு நோயோடு வாழ்ந்த உளவியலாளர் பாட்ரிசியா டீகன் இப்படி ஒரு பயிற்சியை வடிவமைத்தார். பத்து நிமிடத்தில் பொறுமை போய்விடும். "இந்த நோயாளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்றதில்ல" என்று டூட்டி மாறும்போது ஹேண்டோவரில் சொல்வதற்கு முன்னால் இனி கொஞ்சம் யோசிப்பீர்கள். இதற்கு வகுப்பறை தேவையே இல்லை. தனி அறையில் ஒருவராகச் செய்தால் இன்னும் ஆழமாக இறங்கும்.

ரகசியம் காப்பது தொலைநிலையில் இன்னும் கடினம். எல்லாமே எழுத்தில் போகிறது, கோப்பாகச் சேமிக்கப்படுகிறது, சக மாணவர்களின் திரையிலும் வருகிறது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்கக் கூடாது. சின்ன மருத்துவமனையில் "மூன்று குழந்தைகள், தீக்காயம், கணவர் வெளிநாட்டில்" என்ற அளவிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வயது, தொழில், குடும்ப அமைப்பு எல்லாவற்றையும் மாற்றுங்கள், வார்டில் இருக்கும் பொதுக் கணினியில் புராசஸ் ரெக்கார்டிங் எழுதாதீர்கள், வீட்டில் குழந்தைகளும் தொடும் மடிக்கணினியில் கடவுச்சொல் போடாமல் வைக்காதீர்கள்.

விளம்பரங்களில் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. தற்கொலை, சிறுவயதில் நடந்த பாலியல் வன்முறை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது என்று பாடங்கள் வரிசையாக வரும். கல்லூரி வகுப்பில் இதைக் கேட்டால் வெளியே வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்கு ஒரு மாதிரியா இருக்குப்பா" என்று சொல்லலாம். தொலைநிலையில், வீடே தூங்கும் நேரத்தில், தனியாக உட்கார்ந்து படிக்கிறோம். நர்ஸ்களும் மனிதர்கள்தான், பாடத்தில் தங்கள் கதையையே பார்க்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு வார்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்து அதே ராத்திரி அந்த அத்தியாயத்தைத் திறக்காதீர்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, வாரம் ஒருமுறை குரல் கேட்டுப் பேசும் ஒரு சின்னக் குழு அமைத்துக்கொள்ளுங்கள். கஷ்டம் கூடிக்கொண்டே போனால் மனநல ஆலோசனை எடுக்கத் தயங்க வேண்டாம். இந்தத் துறையில் இருப்பவரே தயங்கினால் நோயாளியிடம் என்ன சொல்வது?

படித்த பிறகு தகுதி எப்படி மதிக்கப்படும் என்பது நாட்டைப் பொறுத்தது. பிரிட்டனில் மனநல நர்சிங் முதல் பதிவிலேயே தனிப் பிரிவு. கனடாவின் மேற்கு மாகாணங்களில் மனநல நர்ஸ் என்பது தனித் தொழிலாகவே பதிவாகிறது. ஆஸ்திரேலியாவில் தனி மனநல நர்ஸ் பயிற்சியை நிறுத்திப் பொது நர்சிங்கோடு இணைத்துவிட்டதால், இந்தத் துறைக்கு வர முதுநிலைப் படிப்பே முக்கிய வழி. அதனால் ஒரு நாட்டில் தொலைநிலையில் வாங்கிய பட்டத்தை இன்னொரு நாட்டின் நர்சிங் கவுன்சில் ஏற்கும் என்று நினைத்துக்கொண்டு பணம் கட்ட வேண்டாம். நீங்கள் எங்கே வேலை செய்யப்போகிறீர்களோ அந்த இடத்துக் கவுன்சிலிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறப்புத் தகுதியாகப் பதிவு செய்வார்களா, இல்லை கூடுதல் படிப்பாக மட்டும் குறித்துக்கொள்வார்களா என்பதைத் தனியாகக் கேளுங்கள். இரண்டுக்கும் நிறைய தூரம்.

தேவை இருக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 கணக்கில், உலக அளவில் ஒரு லட்சம் பேருக்கு 13 மனநலப் பணியாளர்கள்தான் இருந்தார்கள், எல்லாப் பிரிவினரையும் சேர்த்து. பணக்கார நாடுகளில் 60க்கும் மேல், ஏழை நாடுகளில் இரண்டுகூட இல்லை. படித்து முடித்தவர்கள் மனநல வார்டுக்கு மட்டும் போவதில்லை. சமூக மனநலக் குழுக்கள், போதை மீட்பு, பிரசவகால மனநலம், பெரிய மருத்துவமனைகளில் மற்ற வார்டுகளுக்குப் போய் ஆலோசனை சொல்லும் வேலை என்று வழிகள் விரிகின்றன. கடைசியில் சொன்ன வேலை எனக்கு மிகவும் பிடித்தது, காரணம் அந்த மூன்றாம் நாள் ராத்திரிதான். சம்பளம் உடனே கூடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பல இடங்களில் கூடுவதில்லை, அது அநியாயம்.

சேர்வதற்கு முன் கல்வி நிறுவனத்தின் கையேட்டைப் படியுங்கள், கட்டணம், தேர்வு முறை, நேரில் வர வேண்டிய நாட்கள் எல்லாம் அதில் இருக்கும். உங்கள் நர்சிங் சூப்பரின்டென்டெண்டிடம் போஸ்டிங்குக்கு ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். அப்புறம் போன வருடம் அதே படிப்பை முடித்த ஒரு நர்ஸைத் தேடிப் பிடித்து, மேற்பார்வையாளர் எத்தனை தடவை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் யோசித்தால், வேறு படிப்பைப் பாருங்கள்.